பழைய நம்பர்

புதிதாக வரப்போகிற பிக்கப் வண்டியில் என்னென்ன வேண்டும் என்று எங்களிடமே கேட்டார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தும் விட்டார்கள். அதனால் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, முட்டை வண்டி ஓட்டுகிறவர்களையெல்லாம் உட்கார வைத்திருந்தார்கள். மதியம் பிரியாணி என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஒருவன்கூட தாமதமாக வரவில்லை. மணமக்கள் உட்காரும் சோபாவில் இன்ஜினியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து பெனிட்டா என்ற பெண் மைக்கோடு இறங்கி வந்து, "அடுத்த வண்டியில உங்களுக்கு என்ன வசதி வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்றாள்.

கூச்சமாவது ஒன்றாவது. என் கூட்டாளி அர்த்தநாரி முதல் ஆளாக எழுந்தான். "சீட்டு வேணுங்க அம்மிணி. இப்ப இருக்கறது சீட்டில்லீங்க, தண்டனை. சாய்ச்சுப் படுக்கற மாதிரி வேணும்." அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஏசி வேண்டும். சாப்பாட்டுப் போசியை வைக்க ஓரிடம் வேண்டும், திருப்பத்தில் கவிழக் கூடாது. பின்கதவு விரலை நசுக்கக் கூடாது. வேகத்தடை ஏறி இறங்கினால் முட்டை உடையாத அளவுக்கு வண்டியின் அடி மெத்தென்று இருக்க வேண்டும். கடைசி வரிசையில் ஒருவர் வண்டிக்குள்ளேயே ஒன்றுக்குப் போக ஏற்பாடு கேட்டார். அதற்கு மட்டும் இன்ஜினியர்கள் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார்கள்.

மைக் என்னிடம் வந்தபோது பின்னாலிருந்து பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. சுருக்கமாக முடித்தேன். "வண்டி தானாப் போயிட்டுத் தானா வரோணுங்க. நான் ஊட்டுல இருக்கோணும்."

மண்டபமே சிரித்தது. பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. "வீட்ல இருந்து என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"ஊட்டுக்காரிகிட்டப் பேசீட்டு இருப்பனுங்க."

மறுபடியும் சிரிப்பு. அர்த்தநாரி விசிலே அடித்தான். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் உண்மையான ஆசையைச் சொன்னது நானும் அந்தக் கடைசி வரிசைக்காரரும்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் வண்டி தினமும் காலையில் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு திருச்சூர் போகும். பெருந்துறையில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. அதற்கு மேல் கேரள எல்லை வாளையார் வரைக்கும் நேர்கோட்டு ரோடு. வயிற்றில் சோறு, தலைக்கு மேல் வெயில், கண் முன்னால் கானல். எந்த மனிதனுக்கும் கண் சொக்கும். அந்த ரோட்டில் கண் சொக்கினவர்கள் சிலர் இன்று எங்களோடு இல்லை. அதனால் எங்கள் டிரைவர்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெருந்துறையில் கை கழுவினதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரி உடனே கூப்பிட்டு, வாளையார் வருகிற வரைக்கும் பேச்சை விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். புருஷன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பேச்சுத்துணை என்று அதற்குப் பெயர். புதுப்பெண்ணுக்கு மாமியார் சமையலறையைக் காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

என் மனைவி மேகலா இந்த வேலையில் கெட்டிக்காரி. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேச ஒன்றுமே இருக்கவில்லை. இருந்தாலும் பேசித்தானே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் செத்துப்போவேனே. பக்கத்து வீட்டுச் சண்டை, சீரியலில் எவன் எவளை ஏமாற்றினான், பால்காரன் ஊற்றின தண்ணீர், மகள் சஷ்டிகா பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய் என்று அவள் அடுக்கிக்கொண்டே போவாள். நானும் ரோட்டில் மகா ரசிகனாக இருந்தேன். கிண்டல் செய்வேன், பாட்டின் பாதி அடியைப் பாடி மீதியைப் பாடச் சொல்வேன், அவள் அழுதால் ஓரம் கட்டாமலே ஆறுதல் சொல்வேன். அவளுடைய அம்மா இறந்தபோது முதல் நாள் அவள் அழவேயில்லை. மூன்றாம் நாள் நான் அவிநாசி தாண்டும்போதுதான் போனில் அழுதாள். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் பெருந்துறைக்கும் வாளையாருக்கும் நடுவில்தான் நடந்தது. வீட்டுக்கு நான் வருவது குளிக்கவும் தூங்கவும் மட்டும்.

இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளோடு வீட்டிலேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைக்காத நாள் கிடையாது. அந்த ஆசையைத்தான் மைக்கில் சொன்னேன்.

ஆளில்லாத சரக்கு வண்டி ரோட்டில் ஓடலாம் என்று சட்டம் வந்த வருஷம், பெனிட்டா என் வீட்டுக்கே வந்தாள். சோதனைக்காக முதல் வண்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அர்த்தநாரி கேட்ட சீட்டு இருந்தது. போசி வைக்க இடம் இருந்தது. அடி மெத்தென்று இருந்தது. பின்கதவு பூனை மாதிரி இறங்கியது.

"மொதல்ல நீங்கதான் ஓட்டணும்ணா" என்றாள் பெனிட்டா. "அது பக்கத்துல இருந்து கத்துக்கும். எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு பிரேக் போடுறீங்க, எந்த வளைவுல முட்டைக்காக மெதுவாப் போறீங்க, எல்லாம். நல்லாக் கத்துக்கிட்டதும் நீங்க வீட்ல இருக்கலாம். வாடகை உங்களுக்குத்தான்."

"வழியில யாராச்சும் எதாச்சும் கேட்டா? திருச்சூர் கடைக்காரரு வர்கீஸு நாஞ் சொன்னாத்தான் கதவே தொறப்பாருங்க."

"அதுக்குத்தான் வண்டி உங்க குரல்லயே பேசப்போகுது. கேபினுக்குள்ள நீங்க எப்படிப் பேசுறீங்கன்னு கேட்டு, அதே மாதிரி பேசும். உங்க போன் நம்பரையும் வண்டிக்கே மாத்திடுறோம். கடைக்காரங்க எல்லாருக்கும் அந்த நம்பர்தானே தெரியும்? உங்களுக்குப் புது நம்பர் வாங்கித் தர்றோம்."

"எம் பேச்சு மட்டுந்தான் கேக்குமா? ஊட்டுக்காரி பேசறதும் கேபினுக்குள்ளதான் வரும்."

"கேபினுக்குள்ள கேக்குற எல்லாத்தையும் கேக்கும்ணா. வெளிய யாருக்கும் போகாது."

மேகலா காபி கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிக்குச் சிரித்தாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் போனில்தான் சொன்னாள். "வண்டிகிட்ட என்னையப் பத்தி நல்லபடியாச் சொல்லி வெய்யுங்க. ஒட்டுக்கேக்குதாமா." நான் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒரு கணம் வேகம் குறைத்து என்னைச் சோதித்துக்கொண்டது.

ஒரு முழு வருஷம் அப்படி ஓட்டினேன். பிறகு ஒரு நாள் முட்டை ஏற்றி முடித்ததும் பெனிட்டா என்னைக் கீழே இறங்கச் சொன்னாள். கதவைச் சாத்தினேன். வண்டி, "வரட்டுங்களா?" என்று என் குரலில் கேட்டது. ஷெட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். வண்டி ஸ்டியரிங்கை ஒடித்து, நான் ஒடிக்கிற அதே இடத்தில் ஒடித்து, ரோட்டில் ஏறிப் போய்விட்டது. எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். மேகலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டன் புள்ள" என்றேன்.

"தெரியுதுங்க."

"என்ன பண்றே?"

"பாத்தாத் தெரியலீங்களா?"

அவ்வளவுதான். நாள் முழுக்கப் பேசுவதற்காக இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்திருந்த ஆசை வெங்காயத்தோடு நின்றுவிட்டது. நான் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தெருவில் நாலு பெண்கள் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்களாம், எனக்கு அப்படியொரு விஷயமே தெரியாது. அன்றைக்கு வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். சாப்பிட்டேன். ஃபேன் காற்று. பெருந்துறை தாண்டிய நேரம். நானும் அவளும் ஒரே அறையில். ஏதாவது பேசு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்துச் சமையலறை டப்பாக்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடியும் பழைய இடத்தில் வைத்தாள். புது வண்டியின் மெத்தென்ற அடியினால் முட்டை ஒன்றுகூட உடையவில்லை. விரிசல் விட்ட முட்டைகளைத்தான் முன்பெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ராத்திரிக்கு அதை ஆம்லெட்டாக ஊற்றித் தருவாள். முட்டை வண்டிக்காரன் வீட்டில் முதல்முறையாக முட்டையை விலைக்கு வாங்கினோம். அதை ஒரு ஜோக்காக அவளிடம் சொன்னேன். "ஆமாங்க" என்றாள்.

ரோட்டில் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு மதியம் தூக்கம் கலைந்தபோது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல் பக்கம். எட்டிப் பார்த்தேன். காதில் போனை வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அட போங்க! உங்களுக்கு வேற வேலையில்ல" என்றாள். அந்த 'அட போங்க'வை நான் நன்றாக அறிவேன். அது எனக்குச் சொந்தமானது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரவன்? அவள் என்னைப் பார்த்ததும் போனைக் கட் செய்யவில்லை. "வெக்கறனுங்க, பாத்துப் போங்க, தூங்கிறாதீங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

"யாருகிட்டப் பேசுனே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்ககிட்டத்தான்" என்றாள்.

போனைக் கையில் கொடுத்தாள். என்னுடைய பழைய நம்பர். தினமும், அதே நேரம்.

"மொத நாளு தெரியாம அடிச்சுட்டனுங்க" என்றாள். "நீங்க சாப்பிட்டுப் படுத்துட்டீங்க. பெருந்துறை மிஸ்டு காலைக் காணமேன்னு கை தானா அடிச்சுருச்சு. நீங்க உள்ள ஒறங்கறது அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள எடுத்து 'சொல்லு புள்ள'ன்னாங்க."

"அது வண்டி!"

"தெரியுங்க."

"வண்டிக்குத் தூக்கம் வராது. அதுக்கு எதுக்குப் பேச்சுத்துணை?"

அவள் வாளிப் பக்கம் திரும்பினாள். துணியைப் பிழியத் தொடங்கினாள். இன்னொருத்தன் இல்லை என்று எனக்கு முதலில் நிம்மதிதான். அன்றிரவு படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் அந்த நிம்மதி மெல்லக் கழன்றது. இன்னொருத்தனாக இருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம்.

மறுநாளிலிருந்து நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் துணி துவைத்தாள். வண்டி பேசியது, நான் பேசுவது போலவே. "கருக்கல் கட்டுது புள்ள, அவிநாசில மழை இருக்கும்." "சீரியல்ல அந்த மாமியாக்காரி திருந்தீட்டாளா?" பாதிப் பாட்டைப் பாடி நிறுத்தியது. இவள் மீதியைப் பாடினாள். ஒரு நாள் அவள் பழக்கத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். "அத விடு, நீ என்ன குழம்பு வெச்சே?" என்றது வண்டி.

பெனிட்டாவைக் கூப்பிட்டேன்.

"இது பித்தலாட்டமுங்க அம்மிணி. நானாட்டமே பேசி எம் பொண்டாட்டியை ஏமாத்துது."

"ஏமாத்தலண்ணா. அது பொய் சொல்லாது. சாப்பிட்டேன்னு ஒரு நாளும் சொல்லாது, பேச்சை மாத்தும். அதையும் உங்ககிட்டதான் கத்துக்கிச்சு." அவள் குரலில் சிரிப்பு இருந்தது, உடனே போய்விட்டது. "அண்ணா, இது உங்க வீட்டுல மட்டும் இல்ல. சோதனை வண்டி கொடுத்த நிறைய வீட்டுல நடக்குது. நாங்க எதிர்பார்க்கல. டிரைவருங்க பேசுனதுல பாதி கடைக்காரங்ககிட்ட இருக்கும்னு நெனச்சோம். முக்கால்வாசி வீட்டுக்காரங்ககிட்ட. வண்டி அதைத்தான் நல்லாக் கத்துக்கிச்சு."

"நிறுத்தீருங்க. ஊட்டு நம்பர்ல இருந்து வந்தா எடுக்க வேண்டாம்னு பண்ணுங்க."

"பண்ணலாம், ரெண்டு நிமிஷ வேலை." பிறகு கேட்டாள். "நிறுத்தினா அக்கா உங்ககிட்டப் பேசுவாங்களாண்ணா?"

எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். நிறுத்தச் சொல்லி மறுபடியும் கேட்கவும் இல்லை.

எங்கள் பழைய வண்டி ஸ்டாண்டு இப்போது காலியாகக் கிடக்கிறது. வண்டியெல்லாம் ரோட்டில், ஆட்கள் மட்டும் அங்கே வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருக்க முடியாதவர்கள் சங்கம் என்று பெயர் வைக்கலாம். அர்த்தநாரி தினமும் காலையிலேயே வந்துவிடுவான்.

"எங்கூட்டுலயும் அதே கதைதான் மாப்ள" என்றான். "அவ என்னையப் பத்தி வண்டிகிட்டக் கொறை சொல்றா. வண்டி, 'அவன் கெடக்கறான் உடு'ங்குது. எம் வண்டி! எங் கொரலு! நாங் கேட்ட சீட்டை வெச்சுக்கிட்டு என்னையே சொல்லுது."

சிரித்தோம். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரோட்டுல போறப்ப ஊடு ஞாபகமாவே இருக்கும். இப்ப ஊட்டுல எதை நெனைக்கறதுன்னு தெரியாம உக்காந்துட்டு இருக்கறன்" என்றான். அன்று இருட்டும்வரை நாங்கள் யாரும் கிளம்பவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சஷ்டிகா விஷயம் வந்ததுதான் என்னைத் தூக்கிப் போட்டது.

சஷ்டிகா கோயமுத்தூரில் நர்ஸாக இருக்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, மேகலா வழக்கத்தைவிடச் சின்னக் குரலில் பேசினாள். "பாப்பா ஒரு பையனைப் புடிச்சிருக்குதுன்னு சொல்றாளுங்க. கூட வேலை செய்யறவனாமா. நம்ம ஆளுக இல்லீங்க."

என் காது விறைத்தது. வண்டி ஒரு நொடி பேசவில்லை. நான் முக்கியமான விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிற அதே ஒரு நொடி.

"பையன் எப்படியாம்? நல்லாச் சிரிப்பானா?" என்றது.

"போட்டோ அனுப்புனா. சிரிச்ச மொகந்தானுங்க."

"அப்ப பாதிக் கவலை உட்டுரு. மூஞ்சிய உம்முனு வெச்சிருக்கற ஒருத்தனைக் கட்டிக்கிட்டு நீ படறது போதாதா?"

மேகலா அழுதுகொண்டே சிரித்தாள். "அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள்.

"மெதுவாச் சொல்லு. மொதல்ல குதிப்பான். குதிச்சு முடிக்கட்டும், நடுவுல பேசாதே. அப்பறம் சரியாயிருவான்."

கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். அது சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்லியிருக்கக் கூடியதுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் முகம் என் முன்னால் இல்லாதபோது சொல்லியிருப்பேன். வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்தால் அந்த ஆள் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. என் பெண்ணின் கல்யாணப் பேச்சு என் வீட்டில், நான் படுத்திருக்கும்போதே, என்னைத் தவிர்த்துவிட்டு நடக்கிறது. அது என்னை அறுத்தது.

அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சாப்பிடும்போது, "சஷ்டிகா எப்படி இருக்கறா?" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கறாளுங்க."

"புதுசா ஒண்ணும் விசேஷமில்லியா?"

என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நான் சிரிக்கத்தான் முயற்சி செய்தேன். அது எப்படி அமைந்ததோ தெரியவில்லை, அவள் ரசம் எடுத்துவர உள்ளே போய்விட்டாள். இப்படியே பல நாள். ஒரு நாள், "எங்கிட்டச் சொல்லு புள்ள, நான் குதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சொன்னால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். "தண்ணி குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெனிட்டாவுக்கு மறுபடியும் போன் போட்டேன்.

"நானே ஒரு நாளைக்கு வண்டியில போலாங்களா?"

"உங்க வண்டிதானே. தாராளமாப் போங்க."

"போன் வந்தா நானே பேசோணும்."

"நீங்க கேபின்ல இருந்தா திரையில ஒரு பச்சை பட்டன் வரும்ணா. அமுக்குனா நீங்க பேசலாம். மறுபடி அமுக்குனா வண்டி பேசும்." தயங்கிவிட்டுக் கேட்டாள். "அக்காகிட்டச் சொல்லிட்டுப் போறீங்களா?"

"சொல்லிக்கறனுங்க" என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போவதுபோல் கிளம்பி, ஷெட்டில் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டு என் முதுகை ஞாபகம் வைத்திருந்தது, தானாகச் சரிசெய்துகொண்டது. "வாங்க" என்றது வண்டி. எனக்கு நானே வரவேற்பு சொல்வது கூச்சமாக இருந்தது. ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருக்க, நான் கையை மடியில் வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை. அவள் விஷயத்தைச் சொல்வாள். நான் ஒரு நொடி விட்டு, பையனைப் பற்றி நல்லதாக ஏதாவது கேட்பேன். சிரிக்க வைப்பேன். சிரித்த பிறகு, "புள்ள, இது வண்டியில்ல, நாந்தான்" என்பேன். அவள், "அட போங்க!" என்பாள். ராத்திரி வீட்டுக்குப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். புதுப் பெண்ணைப் பார்க்கப் போகிறவன் மாதிரி தலையைக்கூடச் சீவிக்கொண்டேன்.

பெருந்துறை தாண்டினோம். மெஸ்ஸில் நிற்கவில்லை, வண்டிக்குப் பசியில்லை. நானும் சொல்ல மறந்துவிட்டேன்.

போன் வந்தது. பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

"சொல்லு புள்ள" என்றேன்.

"என்னங்க, எங்க போறீங்க?" அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்காக வந்த உற்சாகம்தான் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.

"இங்கதான், விஜயமங்கலம்."

"ஒரு சேதிங்க. பாப்பா அந்தப் பையனோட அப்பா அம்மாவை ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்குக் கூட்டியாறேங்கறா. நானுஞ் சரின்னுட்டேன். பயமா இருக்குதுங்க. என்ன பண்றது?"

ஒரு நொடி விடத்தான் வேண்டும். விட்டேன். அந்த ஒரு நொடியில், என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள், எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குள் நின்றது.

"யாரைக் கேட்டு வரச் சொன்னே?" என்றேன். "எந்த ஊரு, என்ன ஏதுன்னு ஒண்ணுந் தெரியாம சரின்னா என்ன அர்த்தம்? மொதல்ல அவளை ஊட்டுக்கு வரச் சொல்லு, நாம் பேசிக்கறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. பிடித்து இழுக்க முடியாது. அந்தப் பக்கம் துவைக்கிற கல்லில் தண்ணீர் வடிகிற ஓசை மட்டும் கேட்டது.

பிறகு மேகலா மெதுவாகக் கேட்டாள். "இன்னிக்கு ஏனுங்க நீங்களும் அவரு மாதிரியே பேசறீங்க?"

நான்தான் அவர் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சொன்னால் இனி இந்த நம்பருக்கும் அவள் கூப்பிட மாட்டாள், அவளுக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கையை நீட்டிப் பச்சைப் பட்டனை மறுபடியும் அமுக்கினேன்.

"அத விடு புள்ள" என்றது வண்டி. "ஞாயித்துக்கெழம தாராளமா வரட்டும். என்ன பலகாரம் போடப்போறே? அந்த அதிரசம் மட்டும் வேண்டாம், சம்பந்தம் நின்னு போயிரும்."

அவள் மூச்சை விட்டாள். அப்புறம் சிரித்தாள். வண்டி மேலும் ஏதோ சொன்னது, இன்னும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் சொன்னாள். "அவரு காலைல போனவருங்க. ஸ்டாண்டுல ஆளைக் காணமுன்னு அர்த்தநாரியண்ணன் சொல்லுச்சு. சாப்பாட்டுக்கும் வரல. ஊட்டுல இருந்தாலும் ஒரு பேச்சில்ல. இல்லீன்னா மனசு கெடந்து அடிச்சுக்குது. எங்க பட்டினியா உக்காந்துட்டு இருக்கறாரோ."

"வந்துருவான் புள்ள. எங்க போயிருவான்?"

"வந்தா இன்னிக்கு எப்படியாச்சும் சொல்லிப் பாக்கறனுங்க. நீங்க சொன்னாப்பல, மெதுவா."

எனக்கு இருமல் வந்தது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.